நீலம் பூசிய மூன்று விரல்கள்

"மாப்பிள்ளை, தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க."

என் மச்சான் திட்டினால் இப்படித்தான் இருக்கும். துப்பறியும் தொழிலில் அவர் முதலாளி, நான் உதவியாளன். ஆனால் அவருடைய ஒரே தங்கையைக் கட்டியவனும் நான்தான். வீட்டு மாப்பிள்ளையை ஒருமையில் பேசக் கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். மற்ற முதலாளிகள் ஒரே வார்த்தையில் முடித்துவிடும் வசவை அவர் 'தயவுசெஞ்சு', 'கொஞ்சம்', 'நீங்க' எல்லாம் சேர்த்துச் சுற்றி வளைத்துச் சொல்வார். கேட்க மரியாதையாக இருக்கும். உறைப்பு மட்டும் குறையாது.

நான் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கதவு உயரத்துக்கு நின்றிருந்த அந்தக் கேன்வாஸில் ஒரு குடும்பம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மா தேநீர் ஊற்றுகிறாள். மகன் நாற்காலி முதுகைப் பிடித்தபடி குனிந்திருக்கிறான். மகள் கோப்பையை உயர்த்தியிருக்கிறாள். அப்பா நடுவில் அமர்ந்து எல்லோரையும் பார்த்துப் பூரிக்கிறார். மகளின் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலி. அதில் இருந்த உருவத்தை யாரோ கேன்வாஸ் துணி தெரியுமளவு சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

படத்தை வரைந்தவர் எங்களுக்குப் பின்னால் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். உங்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை தன் குடும்பத்தை வரைவார். அது காலண்டராக அச்சாகி வீடு வீடாகத் தொங்கும். பல் டாக்டரின் அறையில் தொங்குகிறது, போலீஸ் ஸ்டேஷனில் தொங்குகிறது, என் வீட்டுக் கூடத்திலும் தொங்குகிறது. எனக்கும் என் மனைவிக்கும் வாக்குவாதம் வரும்போதெல்லாம் அவள் கடைசியில் அந்தக் காலண்டரைத்தான் கை காட்டுவாள். "அந்த மனுஷனும் குடும்பம்தான் நடத்தறாரு. எப்படிச் சிரிச்சிக்கிட்டு இருக்காங்க பாருங்க" என்பாள். அந்த ஓவியர் மேல் எனக்குச் சொந்தமாகவே ஒரு கடுப்பு உண்டு.

"என் பேத்தி. மூணு வயசு" என்றார் ஓவியர். "இந்த வருஷப் படத்துல புது ஆள் வரப்போறாங்கன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. சாயங்காலம் கேலரியில திறப்பு விழா. நேத்து நான் விளக்கை அணைக்கிற வரைக்கும் இந்த நாற்காலியில உட்கார்ந்து சிரிச்சிக்கிட்டு இருந்தா. காலையில குளிச்சிட்டு வந்து பார்த்தா இப்படி."

"திரும்ப வரைய முடியாதா?" என்றார் மச்சான்.

"முடியும். மதியம் குழந்தையை இன்னொரு தடவை கொண்டு வந்து உட்கார வெச்சா போதும். நான் எதிர்ல பார்க்காம ஒரு கோடு போட மாட்டேன், பார்த்துட்டா வேகமா முடிச்சிடுவேன். ஆனா இதைச் செஞ்சது யாருன்னு தெரியணும். தெரியாம வரைஞ்சு, மறுபடி சுரண்டினா?"

மச்சான் மேஜைப் பக்கம் போனார். அங்கே ஒரு ஜாடி நிறையத் தூரிகைகளும், சாயம் வழிக்கும் மழுங்கல் கத்திகளும் இருந்தன. எல்லாக் கத்திகளும் பிடி கீழே, அலகு மேலே. எல்லாம் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தன.

"காலையில இருந்து இதைத் தொட்டீங்களா சார்?"

"இல்லையே."

"அப்ப ராத்தங்கின சாயத்தைச் சுரண்டின கத்தி எங்கே போச்சு?"

ஓவியர் ஜாடியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மச்சான் ஒரு கத்தியை எடுத்து முகர்ந்து, சாயம் கரைக்கும் டர்பன்டைன் வாடை அடிக்கிறதா என்று என் மூக்கிலும் நீட்டினார். அடித்தது.

"நாசம் பண்ண வந்தவன் கத்தியை வீசிட்டுப் போவான்" என்றார். "இவங்க டர்பன்டைன்ல கழுவி, துணியால துடைச்சு, பிடி கீழே வெச்சிட்டுப் போயிருக்காங்க. இந்த வீட்ல சின்ன வயசுல இருந்து திட்டு வாங்கி வளர்ந்தவங்களுக்குத்தான் கை இப்படிப் போகும்."

ஓவியர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கிவிட்டது.

"இது வெளியில போகக் கூடாது. எங்க வீட்ல யாரும் யாரோடவும் பேசறதில்லை."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

மகளின் கல்யாணத்திலிருந்து அம்மாவும் மகளும் முகம் பார்த்துப் பேசுவதே கிடையாதாம். பேத்தியைப் பாட்டி இன்றுவரை பார்த்ததே இல்லையாம். படிப்பை விட்டு ஃபிரேம் கடை வைத்ததால் மகனோடு அம்மா பேசுவதில்லை. தங்கள் பங்குக்கு அண்ணனும் தங்கையும் எதற்கென்றே மறந்துபோன ஒரு சண்டையைத் தொடர்கிறார்கள். மனைவி மாடியில், மகன் கடைக்கு மேலே, மகள் தன் வீட்டில். படம் வரையும் காலத்தில் ஆளுக்கு ஒரு நாள் தனியாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

"அவங்களை ஒண்ணா உட்கார வைக்கிறது இந்தக் கேன்வாஸ் மட்டும்தான்" என்றார் ஓவியர், கொஞ்சம் பெருமையோடு.

எனக்கு உள்ளூரக் குஷி தாங்கவில்லை. இத்தனை வருடமாக ஒரு பொய்க் காலண்டரைக் காட்டி என்னை மடக்கியிருக்கிறாள் என் மனைவி. இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்கு ஓடலாமா என்றிருந்தது.

மச்சான் மட்டும் சந்தோஷப்படவில்லை. படத்தில் மூக்கு முட்டும்படி நின்று, "மாப்பிள்ளை, இந்தக் கைகளைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

பார்த்தேன். தேநீர் ஊற்றும் அம்மாவின் சுண்டு விரலில் நகம் நீலம். நாற்காலியைப் பிடித்த மகனின் கட்டை விரலில் நகம் நீலம். கோப்பையை ஏந்திய மகளின் மோதிர விரலிலும் அதே நீலம்.

"இது என்ன சார்?"

"பார்த்ததை வரைஞ்சேன்" என்றார் ஓவியர். "அவளுக்குத் திடீர்னு அலங்கார ஆசை. அவன் கடையில எதையோ கொட்டிக்கிட்டிருப்பான், அவன் கை என்னிக்குச் சுத்தமா இருந்தது? பொண்ணு போடறது சகஜம்தானே."

ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருந்தார். மூன்று காரணங்களும் தனித்தனியே சரியாகத்தான் இருந்தன.

"மூணு பேரும் ஒரே வாரத்துலதானே வந்தாங்க?"

"ஆமாம்."

"சரி சார். மதியத்துக்குள்ள ஆளைக் காட்டறேன்."

மாடிப்படி ஏறும்போது மச்சான் என் காதைக் கடித்தார். "நீலம் நகத்துல கொஞ்சம், சுத்தி இருக்கற சதையில அதிகம். பூசின கைக்கு இன்னும் நிதானம் வரலை. மூணு வயசுக் கை, மாப்பிள்ளை."

"பாட்டி பேத்தியைப் பார்த்ததே இல்லைன்னாரே?"

"அவர் வரைஞ்சதை நம்பறேன். சொன்னதை நம்பலை."

ஓவியரின் மனைவி மாடி அறையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கைகளில் முழங்கை வரை மஞ்சள் ரப்பர் உறை.

"பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன்" என்றார், நாங்கள் கேட்பதற்கு முன்பே. மூலையில் இருந்த பாத்திரத் தொட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. உறை போட்ட கையால் பக்கத்தைப் புரட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

"படத்தை யார் சுரண்டியிருப்பாங்கம்மா?"

"என் பையனாத்தான் இருக்கும். அவனோட எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. அவன் உயிரோட இருக்கானா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது."

"நல்லதாப் போச்சு. ஒரு தடயம் மாட்டியிருக்கு" என்றார் மச்சான். "படத்துக்குக் கீழே சிவப்புச் சாயத்துல ஒரு ஷூ தடம். ஆம்பளை ஷூ."

"எந்தத் தடம்..." என்று நான் ஆரம்பித்தேன். மச்சான் தன் முழு எடையையும் என் கால் கட்டை விரல் மேல் ஏற்றினார்.

"மாப்பிள்ளைக்குக் கால் வலி. தயவுசெஞ்சு கீழே போய் உட்காருங்க."

ஃபிரேம் கடை இரண்டு தெரு தள்ளி. மச்சான் நேராகப் போகவில்லை. வழியில் ஒரு கடையில் நிதானமாக டீ குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார், என் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேரட்டும் என்று அவர் காத்திருந்தது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

மகனின் கட்டை விரலில் தலையணை மாதிரி ஒரு கட்டு.

"சுத்தியல் பட்டுடுச்சு" என்றான். சொல்லிக்கொண்டே அதே விரலால் ஒரு ஃபிரேமின் மூலையை அழுத்தி ஆணி அடித்தான். முகம் சுளிக்கவேயில்லை.

"உங்க அப்பாவோட படத்தை..."

"கேள்விப்பட்டேன். என் தங்கச்சி வேலையா இருக்கும். நான் அந்தப் பக்கமே போகலை. வேணும்னா பாருங்க." மேஜை மேல் காலைத் தூக்கி வைத்துக் காட்டினான். "என் ஷூவுல ஒரு பொட்டுச் சிவப்பு இருக்கா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மச்சான் அந்த ஷூவைக் குனிந்து, சுற்றிப் பார்த்து, "நல்ல தோல். எங்கே வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

"மச்சான், ஷூவைப் பத்தி நீங்க அந்தம்மாகிட்ட மட்டும்தானே சொன்னீங்க? அதுவும் இல்லாத ஷூ!"

"ஆமாம். பேசிக்காத அம்மாவும் புள்ளையும் எவ்வளவு வேகமாப் பேசிக்கறாங்க பாருங்க. வாங்க, மகளோட வீட்டுக்கு எதிர்ல போய் நிப்போம்."

அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. முதலில் மகன் வந்தான், கட்டைப் பிரித்துப் பையில் திணித்துக்கொண்டே. பின்னாலேயே ஒரு டாக்சி வந்து நின்றது. ஓவியரின் மனைவி இறங்கி, மஞ்சள் உறை போட்ட கையாலேயே டிரைவரை அனுப்பிவிட்டு, படிகளில் வயசுக்கு மீறின வேகத்தில் ஏறினார். அவசரத்தில் அதைக் கழற்ற மறந்துவிட்டார் பாவம்.

"முடிஞ்சது" என்றேன். "மூணு பேரும் கூட்டு. கையும் களவுமா மாட்டினாங்க. போலாமா மேலே?"

மச்சான் ஓவியருக்குப் போன் செய்தார். "சார், ஆளைக் காட்டறேன். உங்க பொண்ணு வீட்டுக்கு வாங்க. தூரிகை, காகிதம் எதுவும் எடுக்காம வெறுங்கையோட வாங்க."

எனக்குக் குட்டி நாற்காலி நினைவுக்கு வந்தது. "மச்சான், இவங்களைக் காட்டிக் கொடுத்தா, அவர் இன்னிக்கே அந்தக் குழந்தையைத் தூக்கிட்டுப் போய் உட்கார வெச்சிடுவார். அது வேண்டாம்னுதானே இவ்வளவு பாடுபட்டிருக்காங்க? உங்களுக்கு மனசாட்சி இல்லையா?"

"யாருன்னு காட்டறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன், மாப்பிள்ளை. எப்படிக் காட்டணும்னு அவர் ஒண்ணும் நிபந்தனை போடலை."

ஓவியர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மூவரும் படியேறினோம். மகளின் வீட்டுக் கதவுக்கு வெளியே மச்சான் கையை நீட்டி எங்களை நிறுத்தினார்.

உள்ளே மகனின் குரல் கேட்டது. "முதலாளி ஷூவுக்குள்ள தலையை விடாத குறை! அந்த அசிஸ்டண்ட் இருக்கானே, வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறான், கண்ணு ரெண்டும் பிதுங்குது, நான் பயந்தே போயிட்டேன், ஆளு இங்கேயே வெடிச்சிடுவானோன்னு!"

என் முகத்தில் அசடு வழிந்தது. மச்சான் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது. பெண் குரல். மூச்சு முட்டி, நடுவில் விக்கி, மேஜையை ஓங்கித் தட்டி, 'ஐயோ போதும்டா' என்று கெஞ்சி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிற சிரிப்பு. கேட்கிறவனுக்குக் காரணமே இல்லாமல் உதடு விரியும். என்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று தெரிந்தும் எனக்கு விரிந்தது.

ஓவியரும் புன்னகைத்தார். "யாரு இது, இப்படிச் சிரிக்கிறது?" என்று கிசுகிசுத்தார். "பக்கத்து வீட்டுக்காரங்களா?"

"உங்க வீட்டம்மா சார்" என்றார் மச்சான்.

"சேச்சே. அவ சிரிப்பு எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் வரையறேன்."

உள்ளே சிரிப்பு தொடர்ந்தது. கேட்டுக்கொண்டே நின்ற அவருடைய முகத்திலிருந்து புன்னகை மெல்ல மெல்லக் கழன்று விழுந்தது. அவரேதான் அழைப்பு மணியை அழுத்தினார்.

மகன் கதவைத் திறந்தான். அப்போது நான் பார்த்ததை லேசில் மறக்க மாட்டேன். அவரைக் கண்டதும் மூன்று பேருக்கும் முகவாய் உயர்ந்தது, தோள் நிமிர்ந்தது, உதடுகள் ஒரே அளவுக்கு விரிந்தன. மகளின் கையில் இருந்த கோப்பை அந்தரத்தில் நின்றது. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழக்கம். என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. தாத்தாவைப் பார்த்ததும் வீல் என்று அழ ஆரம்பித்தது. மகள் கோப்பையை வைத்துவிட்டு, பாய்ந்து குழந்தையைத் தூக்கி, அதன் முகத்தைத் தன் தோளில் புதைத்து மறைத்துக்கொண்டாள்.

"நீங்க கேட்ட ஆளுங்க சார்" என்றார் மச்சான்.

"நீங்க... பேசிக்கறதில்லையே?" ஓவியரின் குரல் பிசிறியது.

"தினமும் பேசறோம்" என்றார் அவர் மனைவி. உதட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. "சண்டைன்னு சொல்லலாம்னு யோசனை சொன்னது நான்தான். ஒண்ணா உட்கார்ந்தா பொழுது சாயற வரைக்கும் எல்லாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது, உதட்டை இறக்கக் கூடாது. தனித்தனின்னா ஆளுக்கு ஒரு மதியத்தோட போயிடும். நாங்க இங்க வந்து ஒண்ணாச் சாப்பிட்டுக்கலாம்."

"என்கிட்டே சொல்லியிருக்கலாமே."

"சண்டைன்னு கேட்டதும் பதறிக்கிட்டுச் சேர்த்து வைக்க ஓடி வருவீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தோம். நீங்க, 'சரி, செவ்வாய்க்கிழமை நீ வா, புதன்கிழமை அவன் வரட்டும்'னு சொன்னீங்க."

இதையும் அவர் சிரித்தபடிதான் சொன்னார்.

"இன்னிக்குக் காலையில கதவைத் திறந்து விட்டது அம்மா. சுரண்டினது நான்" என்றான் மகன்.

"சுரண்டச் சொன்னது நான்" என்றாள் மகள். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே அப்பாவை நேராகப் பார்த்தாள். "பார்க்காம ஒரு கோடு போட மாட்டேன்னு சொல்வீங்களேப்பா. இவளை உட்கார வெச்ச ரெண்டு மதியமும் இவ அழுதுக்கிட்டே இருந்தா. நீங்க சிரிக்கிற மாதிரி வரைஞ்சிருந்தீங்க. அது இவ இல்லை. சின்ன வயசு நான். ஸ்கூல்ல நான் விழுந்து முட்டி பேர்ந்து அழுதப்போ, டீச்சர் கட்டுப் போட்டுக்கிட்டே, 'காலண்டர்ல எவ்வளவு அழகா சிரிக்கிறே, நீ அழலாமா'ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் நான் ஸ்கூல்ல அழுததே கிடையாது. இவ அழணும்னா அழுதுட்டுப் போகட்டும்ப்பா. யார் வீட்டுச் சுவத்துலயும் இவ சிரிக்க வேண்டாம்."

ஓவியரின் சட்டைப் பையில் போன் அடித்தது. கேலரி. படம் எப்போது வரும் என்று கேட்கத்தான் இருக்கும். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்தார்.

"இவளை வரைய மாட்டேன்."

"இன்னிக்கா, என்னிக்குமா?" என்றாள் மகள்.

அவர் கண் குழந்தையின் ஈரக் கன்னத்துக்குப் போனது. வெளிச்சம் அதில் விழுவதை அவர் கவனித்ததை நானும் கவனித்தேன். மனுஷன் இப்போதும் அளந்துகொண்டுதான் இருக்கிறாரோ என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னிக்கும்."

மகள் கதவு வழியிலிருந்து ஒதுங்கி நின்றாள். அவர் உள்ளே போனார். மனைவிக்கு எதிரே போய் நின்று, அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சிரிக்க வேண்டாம்" என்றார் மெதுவாக.

"நான் எங்கே சிரிக்கிறேன்? உங்களைப் பார்த்தா இது தானா வந்து ஒட்டிக்குது." அவர் உறை போட்ட கையால் தன் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். உதடு இறங்கவில்லை. "உங்க முன்னாடி வேற முகம் வைக்க எனக்குத் தெரியலைங்க."

மச்சான் என் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். நான் நகரவில்லை.

ஓவியர் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்தார். அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

குழந்தையின் அழுகை விசும்பலாகத் தேய்ந்து நின்றது. அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது. அடியில் இருந்து நான் எந்தக் காலண்டரிலும் பார்க்காத, களைத்துப்போன, கண் சிவந்த ஒரு முகம் வந்தது.

"உங்க மேல எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா?" என்றார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.